வாயோடு முடிந்துவிடாத உரிமை

கருத்துரிமை பற்றிய இன்றைய விவாதங்களில், நீதிமன்ற வாதங்கள் முதல் நாளிதழ்த் தலையங்கங்கள் வரை, ஏறத்தாழ மறுப்பின்றி ஏற்கப்பட்டுவிட்ட கருத்தொன்று உண்டு. பேசுவதற்கு எவருக்கும் உரிமை உண்டு, ஆனால் தம் பேச்சைக் கேட்டாக வேண்டும் என்று கோர எவருக்கும் உரிமை இல்லை என்பதே அது. கருத்துரிமை ஓர் எதிர்மறை உரிமை, அதாவது பிறர் எதையும் செய்துதர வேண்டும் என்று கேளாமல், குறுக்கே வராமல் இருந்தால் போதும் என்று மட்டும் கேட்கும் உரிமை என்று இதற்கு ஒரு கோட்பாட்டு அடிப்படையும் காட்டப்படுகிறது. ஆகவே பேசுபவரின் வாயை அரசு பொத்தாதவரை அவ்வுரிமை பழுதின்றி இருக்கிறது என்றும், அப்பேச்சு எவர் காதையும் எட்டாமற் போனால் அது பேசியவரின் திறமைக் குறைவாகவோ கேட்போரின் விருப்பமின்மையாகவோ இருக்குமேயன்றி உரிமை மீறலாகாது என்றும் இக்கருத்தை உடையோர் முடிவு கட்டுகின்றனர்.

இம்முடிவில் உண்மை இல்லாமல் இல்லை. விருப்பமில்லாதவரை உட்காரவைத்து ஒரு கொள்கையைக் கேட்கச் செய்வது கொடுங்கோன்மையின் பழைய வழக்கம். அதற்கு எந்த உரிமையின் பெயரையும் சூட்ட முடியாது. சென்னையில் ஒரு வழிபாட்டிடத்தின் ஒலிபெருக்கி தொடர்பாக எழுந்த வழக்கில், அக்கம்பக்கத்தவரின் அமைதியைக் குலைத்து ஒலியைப் பெருக்கிக்கொள்ளும் உரிமை எச்சமயத்தாருக்கும் இல்லை என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது, அத்தீர்ப்பு சரியானது. புத்தகத்தை மூடிவைக்கவும், கூட்டத்திலிருந்து எழுந்து போகவும், பத்திரிகையை வாங்காமல் விடவும் ஒவ்வொருவருக்கும் உள்ள சுதந்திரத்தை இக்கட்டுரை எங்கும் மறுக்கவில்லை. மறுக்கப்படுவது, அந்தச் சுதந்திரத்தைக் காட்டி அதற்குச் சற்றும் தொடர்பில்லாத வேறு இரண்டு செயல்களுக்கு நியாயம் தேடித் தருவதுதான். கேட்க விரும்புகிறவருக்கும் பேசுகிறவருக்கும் இடையிலுள்ள வழியை அரசு அடைப்பது அவற்றுள் ஒன்று. ஒரு மனிதரின் வாழ்வைத் தீர்மானிக்கும் அதிகாரத்தைக் கையில் வைத்திருக்கும் அமைப்பு அவர் சொல்லைக் கேட்க மறுப்பது மற்றொன்று. தனி மனிதர் காதைத் திருப்பிக்கொள்வதையும் இவ்விரண்டையும் ஒரே வாக்கியத்தில் அடக்குவதே நிலவும் கருத்தின் அடிப்படைப் பிழை. அப்பிழையைப் புதுச்சேரியின் வரலாறு அளவுக்குத் தெளிவாகக் காட்டும் வரலாறு தமிழுலகில் வேறு இல்லை.

1906இல் சென்னையில் தொடங்கப்பட்ட ‘இந்தியா’ வார இதழை உண்மையில் நடத்தியவர் சுப்பிரமணிய பாரதி. சட்டப்படி ஆசிரியராகப் பெயர் பதிந்திருந்தவர் மு. சீனிவாசன். 1908இல் இதழின்மீது அரசநிந்தனை வழக்குத் தொடரப்பட்டுச் சீனிவாசனுக்கு ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டபோது, பாரதி பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குப் பெயர்ந்தார். இதழின் உரிமையாளர்களான மண்டயம் குடும்பத்தினரின் முயற்சியால் அவ்வாண்டு அக்டோபரில் ‘இந்தியா’ அங்கிருந்து மீண்டும் வெளிவரலாயிற்று. அடுத்த ஆண்டு ‘விஜயா’ என்ற நாளிதழும், அதனோடு ‘சூர்யோதயம்’, ‘கர்மயோகி’ போன்ற இதழ்களும் சேர்ந்துகொண்டன. எல்லைக்கு அப்பால் நூறு மைல் தொலைவில் சிறைக்கு அனுப்பிய எழுத்து இங்கு அச்சேற முடிந்ததற்குக் காரணம், 1881 ஜூலை 29ஆம் நாளிட்ட பிரெஞ்சுப் பத்திரிகைச் சட்டம். அது முன் அனுமதி பெறும் கட்டாயத்தையும் ஜாமீன் தொகையையும் ஒழித்திருந்தது. ஜாமீன் தொகை என்பது பத்திரிகையின் நன்னடத்தைக்குப் பிணையாக அரசிடம் கட்டிவைக்க வேண்டிய பணம். பிரெஞ்சுக் குடியேற்றங்களுக்கும் பொருந்திய அச்சட்டத்தின் நிழலில், அன்றைய தமிழ்ப் பத்திரிகையாளர் ஒருவருக்கு எங்கும் கிடைத்திராத எழுத்துச் சுதந்திரம் பாரதிக்குக் கிடைத்தது என்பதில் ஐயமில்லை.

பிரிட்டிஷ் இந்திய அரசு அந்தச் சுதந்திரத்தைத் தொடவில்லை. தொடவும் அதனால் இயலாது. அது செய்தது வேறு. 1910 பிப்ரவரி 9ஆம் நாள் நிறைவேறிய இந்தியப் பத்திரிகைச் சட்டம், பிரிட்டிஷ் இந்தியாவில் புதிதாகத் தொடங்கும் அச்சகங்களிடம் 500 ரூபாய் முதல் 2,000 ரூபாய் வரை ஜாமீன் கேட்டதற்காகவே பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறது. புதுச்சேரியைப் பொறுத்தமட்டில் அதன் கூரிய முனை வேறிடத்தில் இருந்தது. நிலவழியாகவோ கடல்வழியாகவோ பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் வரும் பொதிகளை ஐயத்தின் பேரில் நிறுத்திவைக்கச் சுங்க அதிகாரிகளுக்கும், அஞ்சற் கட்டுகளை அவ்வாறே நிறுத்திவைக்க அஞ்சல் அதிகாரிகளுக்கும் அச்சட்டம் அதிகாரம் அளித்தது. பிரெஞ்சுப் பகுதி ஒரே பரப்பாக இல்லாமல், இடையிடையே பிரிட்டிஷ் ஊர்கள் ஊடுருவத் துண்டுதுண்டாகக் கிடந்த நிலப்பகுதி. நகரிலிருந்து எத்திசையில் சென்றாலும் சிறிது தொலைவிலேயே சுங்கச் சாவடி எதிர்ப்படும். ‘இந்தியா’வின் சந்தாதாரர்களில் பெரும்பாலோர் அச்சாவடிகளுக்கு அப்பால், சென்னையிலும் தஞ்சையிலும் திருநெல்வேலியிலும் இருந்தனர். இதழ்க் கட்டுகள் வழியில் தடுக்கப்பட்டன. சந்தாப் பணம் அனுப்பிய மணியார்டர்கள் இடைமறிக்கப்பட்டன. சந்தாதாரர்கள் போலீசின் கண்காணிப்புக்கு ஆளாயினர். புதிய சட்டம் வருமுன்பே தொடங்கிவிட்ட இக்கெடுபிடியின் முடிவாக, சட்டம் வந்து ஐந்து வாரம்கூட ஆகாத நிலையில், 1910 மார்ச் 12ஆம் நாள் இதழோடு ‘இந்தியா’ நின்றது. உடனிருந்த இதழ்களும் அதே காலத்தில் மறைந்தன.

நிலவும் கருத்தின் அளவுகோலைக் கொண்டு இந்நிகழ்ச்சியை அளந்துபார்த்தால் கிடைக்கும் விடை திகைக்க வைப்பது. பாரதியின் அச்சுக்கூடத்துக்குள் எந்தக் காவலரும் நுழையவில்லை. எழுதியதற்காகப் புதுச்சேரி மண்ணில் அவருக்குத் தண்டனை எதுவும் விதிக்கப்படவில்லை. 1910 மார்ச் 13ஆம் நாளும் அவருக்கு முந்தைய நாள் இருந்த பேச்சுரிமை, ஓர் எழுத்தும் குறையாமல், அப்படியே இருந்தது. அவருடைய பேச்சு கேட்கப்பட வேண்டும் என்று கோரும் உரிமைதான் எவருக்கும் கிடையாதே! ஆகவே இங்கு மீறல் எதுவுமே நிகழவில்லை என்றுதான் அக்கருத்தை நேர்மையாகப் பின்பற்றுகிறவர் கூற வேண்டும்.

அவ்வாறு கூற எவரும் துணிவதில்லை. மாறாக, தடை என்பது வெளிப்படையான உரிமை மீறல், அதை எவரும் மறுக்கவில்லை, ஆதலால் இவ்வெடுத்துக்காட்டு எதையும் நிறுவவில்லை என்றே பதில் வருகிறது. இப்பதிலை எளிதில் விட்டுவிடக் கூடாது. அது மீறல் என்றால், மீறப்பட்டது எவருடைய எந்த உரிமை என்று சொல்லியாக வேண்டும். பிரெஞ்சு எல்லைக்குள் வாழ்ந்த பாரதிக்குத் தன் இதழைச் சென்னையில் விநியோகிக்கும் உரிமையை எந்தச் சட்டமும் உறுதிசெய்திருக்கவில்லை. மேலும், அந்த 1881ஆம் ஆண்டுச் சட்டமே, தாராளத்தின் அடையாளமாக இன்றும் போற்றப்படுவதே, அயல்நாட்டில் அச்சாகும் இதழ்கள் பிரான்சுக்குள் புழங்குவதைத் தடைசெய்யும் அதிகாரத்தைத் தன் 14ஆம் பிரிவில் அமைச்சரவைக்கு அளித்திருந்தது. பேசுபவரை மட்டும் உரிமையாளராகக் கொள்ளும் சிந்தனை எங்கே நின்றுவிடுகிறது என்பதற்கு அப்பிரிவே சான்று: உள்ளே இருப்பவர் எதையும் எழுதலாம், ஆனால் உள்ளே இருப்பவர் எதைப் படிக்கலாம் என்பதை அரசு முடிவுசெய்யலாம். 1910இல் மெய்யாகவே பறிகொடுத்தவர், கட்டணம் செலுத்தி ஓர் இதழை விரும்பிக் காத்திருந்த திருநெல்வேலி வாசகர். அவரைத் தம் கோட்பாட்டுக்குள் கொண்டுவராமல் அத்தடையைக் கண்டிக்க முடியாது. கொண்டுவந்துவிட்டாலோ, கருத்துரிமையைப் பேசுபவரோடு முடித்துவிடும் கருத்தைக் கைவிட்டாக வேண்டும்.

இதை மேலும் ஐயமற நிறுவும் நிகழ்ச்சி 1928இல் நடந்தது. பாரதி இறந்து ஏழு ஆண்டுகள் கழிந்த பின்னர், பர்மா அரசின் ஆணையைத் தொடர்ந்து சென்னை அரசும் அவருடைய தேசியப் பாடல் தொகுதிகளைத் தடைசெய்து படிகளைப் பறிமுதல் செய்தது. சென்னைச் சட்டமன்றத்தில் இதை எதிர்த்து நடந்த விவாதத்தில் சத்தியமூர்த்தி உள்ளிட்டோர் முழங்கினர். நாடெங்கும் கண்டனம் எழுந்தது. பேசியவர் உயிரோடு இல்லை. அவர் வாயைப் பொத்த வழியும் இல்லை. பதிப்பித்தவர்களுக்கு இழப்பு உண்டு என்பது உண்மையே ஆயினும், அன்று எழுந்த சீற்றம் பதிப்பாளரின் நட்டத்தைக் குறித்து எழுந்ததன்று. பாடிக்கொண்டிருந்த ஒரு மக்கள் கூட்டத்திடமிருந்து பாட்டைப் பிடுங்கியதைக் குறித்து எழுந்தது. பேச்சுரிமை பேசுபவரின் உரிமை மட்டுமே என்றால் இறந்த கவிஞரின் நூலைத் தடைசெய்வது எவருக்கும் இழைத்த அநீதியாகாது. இம்முடிவை ஏற்க எவர் மனமும் ஒப்பாது. ஏற்கக் கூடாது என்பதே சரி.

விடுதலைக்குப் பின்னர் இதே கேள்வி, வியப்பூட்டும் வகையில் இதே மாகாணத்திலிருந்து, உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் வெளியிட்ட ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற ஆங்கில வார இதழ் தன் எல்லைக்குள் நுழைவதையும் புழங்குவதையும் சென்னை அரசு, 1949ஆம் ஆண்டின் பொது ஒழுங்குப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டு, 1950 மார்ச்சில் தடைசெய்தது. ஆட்சி மாறியிருந்தது; அரசமைப்பு பிறந்து சில வாரங்களே ஆகியிருந்தன; ஆயினும் கையாளப்பட்ட கருவி நாற்பது ஆண்டுகளுக்கு முன் ‘இந்தியா’வின்மீது கையாளப்பட்ட அதே கருவி. எழுதுவதைப் பம்பாயில் எழுதிக்கொள்ளலாம், இங்கே வந்து சேரக் கூடாது என்பதுதான் அதன் பொருள். அவ்வாண்டு மே மாதம் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி, புழக்கத்துக்குச் சுதந்திரம் இல்லாத இடத்தில் வெளியீட்டுச் சுதந்திரத்துக்குப் பெருமதிப்பில்லை என்ற கொள்கையை, அஞ்சல் பற்றிய ஒரு பழைய அமெரிக்க வழக்கையும் துணைக்கு அழைத்து, இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டினார். அடுத்த ஆண்டே அரசமைப்பின் முதல் திருத்தம் வந்து பொது ஒழுங்கின் பெயரால் கட்டுப்பாடு விதிக்க வழிசெய்தது என்பது வருத்தத்துக்குரியது. ஆனால் புழக்கமும் உரிமையின் பகுதியே என்ற கொள்கையை அத்திருத்தம் அழிக்கவில்லை. நாளிதழ்களின் பக்கத்தையும் விலையையும் அரசு வரையறுக்க முயன்றபோது, அது விற்பனையைக் குறைத்து வாசகரைச் சென்றடைவதைத் தடுக்கும் என்ற காரணத்தாலேயே உச்ச நீதிமன்றம் 1961இல் அம்முயற்சியைத் தள்ளுபடி செய்தது.

உலக அளவிலும் இச்சிந்தனை புதிதன்று. 1948ஆம் ஆண்டின் அனைத்துலக மனித உரிமைப் பிரகடனம் தன் 19ஆம் பிரிவில் கருத்துகளைப் பரப்புவதோடு அவற்றைத் தேடுவதையும் பெறுவதையும் சேர்த்தே உரிமையாக்கியது. அயல்நாட்டுப் பொதுவுடைமைப் பிரசுரங்களை, பெறுபவர் வேண்டும் என்று எழுதிக் கேட்டாலொழிய அஞ்சலகம் கொடுக்கக் கூடாது என்ற அமெரிக்கச் சட்டத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1965இல் செல்லாது என்று அறிவித்தபோது, அனுப்பியவரின் உரிமை அங்கே வழக்கிடப்படவில்லை. வழக்காடி வென்றவர்கள் பெறுநர்கள். புதுச்சேரி இதழுக்காகக் காத்திருந்த சந்தாதாரருக்கு 1910இல் இல்லாமற்போன நீதி அது.

இனி, எல்லை எங்கே என்பதையும் சொல்லியாக வேண்டும். இல்லையேல் இவ்வாதம் கேட்பாரற்ற ஒவ்வொரு பேச்சையும் உரிமை மீறலாக்கிவிடும். அவ்வெல்லைக்கும் பாரதியின் வாழ்வே சான்று தருகிறது. 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியேறிக் கடலூரருகே கைதாகி, கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு விடுதலையான அவர், 1920இல் தம் படைப்புகள் அனைத்தையும் நாற்பது நூல்களாக அச்சிடத் திட்டமிட்டுப் பொதுமக்களிடம் பணவுதவி கேட்டு அறிக்கை விடுத்தார். உதவி வந்து சேரவில்லை. திட்டம் நிறைவேறாமலே 1921 செப்டம்பரில் அவர் இறந்தார். தமிழ்ச் சமூகம் வெட்கப்பட வேண்டிய செய்தி இது. ஆனால் அந்தப் பாராமுகம் எவருடைய உரிமையையும் மீறியதாகாது. 1910இல் வாசகர் இருந்தனர், வழி அடைக்கப்பட்டது; 1920இல் வழி பெருமளவு திறந்திருந்தது, வாசகர் வரவில்லை. முன்னது அநீதி, பின்னது இழப்பு. நிலவும் கருத்து இரண்டுக்கும் ஒரே பெயர் சூட்டி இரண்டையும் ஒருங்கே கைகழுவுகிறது. இதழ்கள் நின்றதால்தான் பாரதிக்குக் ‘குயில் பாட்’டும் ‘பாஞ்சாலி சபத’மும் எழுத ஓய்வு கிடைத்தது என்று ஆறுதல் சொல்வோரும் உண்டு. ஒரு கவிஞரின் ஆற்றலை அவரை ஒடுக்கியவர்களின் கொடையாகக் கணக்கெழுதும் இந்த ஆறுதல் ஏற்கத்தக்கதன்று. அவ்வாறு எழுதப்பட்ட ‘பாஞ்சாலி சபத’த்தின் முதற்பாகமே 1912இல் வெளிவந்தது, இரண்டாம் பாகத்தை அச்சில் காண அவர் உயிரோடு இருக்கவில்லை.

இரண்டாவது செயல், அதாவது அதிகாரம் உடைய அமைப்பு கேட்க மறுப்பது, இன்னும் கடினமான கேள்வியை எழுப்புகிறது. இங்கே வழி அடைபட்டிருப்பதில்லை. சொல் உரிய இடத்தைச் சென்றடைகிறது. அங்கே அது பொருட்படுத்தப்படுவதில்லை. 1873இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற புதுச்சேரி வழக்கறிஞர் ஐரோப்பியக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் வந்ததற்காகத் தண்டிக்கப்பட்டு, பாரிசிலுள்ள உச்ச மன்றம்வரை முறையிட்டு வென்றார். தெருவில் அவர் எதை வேண்டுமானாலும் பேசியிருக்க முடியும். ஆனால் வழக்கறிஞரின் சொல்லுக்குப் பொருள் இருக்கும் இடம் நீதிமன்றம் ஒன்றே. அங்கே நிற்பதற்கு அவமானத்தை விலையாகக் கேட்டபோது, அவருடைய பேச்சுரிமை தெருவில் முழுமையாக இருந்தது என்று சொல்வதால் யாதொரு பயனும் இல்லை.

ஆலைத் தொழிலாளர் வரலாறு இதனினும் கொடியது. பிரான்சில் தொழிற்சங்கங்கள் 1884 முதல் சட்டபூர்வமாக இயங்கியபோதும், பிரெஞ்சிந்தியப் பஞ்சாலைகளில் நாளெல்லாம் உழைத்தவர்களுக்கு அவ்வுரிமை வழங்கப்படவில்லை. வ. சுப்பையா 1934இல் தொடங்கிய ‘சுதந்திரம்’ இதழ் அவர்கள் குறைகளை, இடையூறுகளுக்கு நடுவிலும், அச்சில் ஏற்றியது; கூட்டங்கள் நடந்தன; கோரிக்கைகள் எழுதப்பட்டன. பேச்சுக்குக் குறைவில்லை. எட்டு மணி நேர வேலை, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவற்றைக் கேட்ட தொழிலாளர்களோடு உட்கார்ந்து பேச வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லாததே குறை. 1936 ஜூலை 30ஆம் நாள் சவானா ஆலையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் பன்னிரண்டு தொழிலாளர்கள் உயிரிழந்தனர். மறு ஆண்டு பிரெஞ்சு அரசு ஆணை பிறப்பித்து எட்டு மணி நேர வேலையையும் சங்க உரிமையையும் ஏற்றது. சங்க அங்கீகாரம் என்ற சொல்லின் நடைமுறைப் பொருள், நிர்வாகம் தொழிலாளர் பிரதிநிதியின் சொல்லைக் கேட்டுப் பதில் தரக் கடமைப்பட்டது என்பதேயாகும். கேட்கும் கடமை என்று ஒன்று இருக்கவே முடியாது என்போர், உலகெங்கும் தொழிலாளர் சட்டங்கள் ஒரு நூற்றாண்டாக அக்கடமையை விதித்து வருவதை எங்கே வைக்கப்போகின்றனர்? எவரையும் தண்டிக்குமுன் அவர் தரப்பைக் கேட்டாக வேண்டும் என்ற இயற்கை நீதிக் கோட்பாடும் அதே கடமையின் மற்றொரு வடிவமே. கேட்பது என்றால் ஒப்புக்கொள்வது என்று பொருளில்லை; முடிவெடுக்குமுன் சொல்லை எடை போடுவதும், மறுத்தால் காரணம் கூறுவதுமே கேட்கப்படுவது.

நிலவும் கருத்துக்குக் கிடைக்கும் மிக வலிய சான்று அமெரிக்காவிலிருந்து வருவது. அதை மறைப்பது முறையன்று. 1979இல் அர்க்கன்சாஸ் மாநில ஊழியர் சங்கம் தொடர்பான வழக்கிலும், 1984இல் மினசோட்டா கல்லூரி ஆசிரியர்கள் தொடர்பான வழக்கிலும், குடிமக்களின் சொல்லைக் கேட்டாக வேண்டும் என்ற கடமையை அரசமைப்பு அரசின்மீது சுமத்தவில்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தெளிவாகக் கூறியது. ஒவ்வொரு கொள்கை முடிவுக்கும் முன் ஒவ்வொரு குடிமகனையும் கேட்க வேண்டுமென்றால் ஆட்சியே நடவாது என்ற நடைமுறைக் காரணம் அதில் உண்டு, அது புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால் அவ்வாதம் தனித்து நிற்கவில்லை. அரசு செவிசாய்க்காதது பற்றிய அதிருப்தியைக் குடிமக்கள் முதன்மையாக வாக்குச்சாவடியில் பதிவுசெய்யலாம் என்ற நம்பிக்கையின்மீது 1984ஆம் ஆண்டுத் தீர்ப்பு நிற்கிறது. கேளாத ஆட்சியாளரைக் குறித்த காலத்தில் மாற்ற முடியும் என்பதால்தான் கேட்கும் கடமையை நீதிமன்றம் வலியுறுத்தத் தேவையில்லாமற் போகிறது.

அந்த நம்பிக்கையைப் புதுச்சேரியின் நகராட்சிகளுக்கும் கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கும் பொருத்திப் பார்க்க வேண்டும். 1880 முதலே, பிரெஞ்சு ஆட்சியில், மேயரையும் நகரமன்றத்தையும் கொண்டிருந்த ஊர் இது. ஆயினும் 1968இல் நடந்த உள்ளாட்சித் தேர்தலுக்கு அடுத்த தேர்தல் 2006இல்தான் நடந்தது. அதில் தேர்வான மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2011இல் முடிந்தபின் பத்தாண்டுகளுக்கும் மேலாக அவை அதிகாரிகளின் பொறுப்பிலேயே விடப்பட்டன. ஒரு நகராட்சி மன்றத்தின் காலம் முடியுமுன் அடுத்ததற்குத் தேர்தல் நடந்து முடிந்திருக்க வேண்டும் என்று அரசமைப்பின் 243யு பிரிவு விதித்திருக்கும் நிலையிலேயே இது நடந்தது. அக்காலம் முழுவதும் வாய்க்கால் அடைப்பு, குடிநீர், தெருவிளக்கு குறித்து மனு எழுதுவதற்கும் சாலையில் நின்று முழங்குவதற்கும் புதுச்சேரிக் குடிமகனுக்கு எத்தடையும் இருந்ததில்லை. அம்மனுவைக் கேட்பதற்காக அவர் வாக்களித்து அனுப்பிய உறுப்பினரும் இல்லை, கேளாதவரை அனுப்பாமலிருக்க ஒரு தேர்தலும் இல்லை. ஆதலால் அமெரிக்கத் தீர்ப்புகளை இவ்வூருக்கு எடுத்துக்காட்டுவோர், அத்தீர்ப்பு சார்ந்து நிற்கும் வாக்குச்சாவடி இவ்வூரில் எந்த ஆண்டுகளில் திறந்திருந்தது என்பதையும் உடன் காட்டக் கடமைப்பட்டவர்கள்.